பயேயாவுக்குச் சொன்ன ‘நல்லம்’

1

பாடன் ரயில் நிலைய மேடையில் நாங்கள் மூவரும் நின்றுகொண்டிருந்தபோது மகளின் கைபேசிக்கு ஒரு கேள்வி வந்தது. சற்று முன்னர் சாப்பிட்டுவிட்டு எழும்பிவந்த ஸ்பானியச் சாப்பாட்டுக்கடைதான் கேட்டிருந்தது. எங்கள் உணவு உங்களுக்குப் பிடித்திருந்ததா என்று ஒரு வரி. அதன் கீழே நிரப்பப்படாத ஐந்து நட்சத்திரங்கள். ஆரணி அதை என் முகத்துக்கு முன்னால் நீட்டினாள்.

“நீங்களே போடுங்கோ அப்பா,” என்றாள்.

அவள் பகிடிக்குச் சொல்லவில்லை. மனைவி வதனி வேறு பக்கம் திரும்பி, வராத ரயிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் விரலை நீட்டினேன், பிறகு மடக்கிக்கொண்டேன். ஐந்தைத் தொட்டால் பொய். ஒன்றைத் தொட்டால் அதுவரை சொன்னதெல்லாம் பொய். எந்த நட்சத்திரத்தையும் தொடாமல் கைபேசியைத் திருப்பிக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு அவள் கேட்ட கேள்விதான் என்னை இதை எழுத வைக்கிறது. அதைச் சொல்வதற்கு முன்னர், ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு அந்தக் கடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் ஐந்தாம் வகுப்புவரை படித்தவன். ஆனாலும் கதைப்பதைவிட எழுதுவது எனக்குச் சுகம். எழுதும்போது எதிரில் ஒருவரும் இருந்து என் முகத்தைப் பார்ப்பதில்லை.

2

நாங்கள் சூரிச்சுக்குப் பக்கத்தில் ஷ்லீரனில் இருக்கிறோம். நான் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் பாத்திரம் கழுவுகிறேன். வதனி அலுவலகங்கள் துப்புரவு செய்கிறாள். ஆரணி எங்களுக்கு ஒரே பிள்ளை. இங்கேயே பிறந்து, கட்டட வரைபடம் கீறப் படித்து, பாடனில் வேலையெடுத்து, அங்கேயே ஒரு வீடும் எடுத்துக்கொண்டவள்.

அந்தக் கடைக்கு நாங்கள் முதல்முறை போனது எங்கள் கலியாண நாளுக்கு. அன்று எங்களை வெளியே கூட்டிப்போய்ச் சாப்பாடு வாங்கித்தர வேண்டும் என்று அவளுக்கு ஆசை. நாங்கள் இருவரும் மேசையில் இருந்து, வேறு யாராவது பரிமாறிச் சாப்பிட்டதில்லை என்பது அவளுடைய கவலை. கோயில் மடத்தில் சாப்பிட்டிருக்கிறோம், கலியாண மண்டபங்களில் சாப்பிட்டிருக்கிறோம் என்று வதனி சொன்னாள். அதெல்லாம் கணக்கில் இல்லை என்றாள் மகள். பாடனில் ஒரு ஸ்பானியச் சாப்பாட்டுக்கடை இருக்கிறது, எந்த நேரமும் சனம், இடம் கிடைப்பதே பெரிய பாடு, அங்கேதான் போகிறோம் என்று முடித்துவிட்டாள்.

சனம் என்றது உண்மைதான். தாழ்ந்த கூரை, தலைக்கு மேலே தொங்குகின்ற முழுப் பன்றித் தொடைகள், பக்கத்து மேசைக்காரரின் முழங்கை எங்கள் மேசைக்குள். எங்களுக்குக் கிடைத்தது சமையலறைக் கதவுக்கு அருகே. கதவு ஆடுகிற ஒவ்வொரு முறையும் வதனி தன் கதிரையை முன்னுக்கு இழுத்தாள். எட்டு மணிக்கு மேசையை விட்டுவிட வேண்டும், அடுத்த ஆட்கள் வருவார்கள் என்று இருந்தவுடனேயே சொல்லிவிட்டார்கள். ஆனால் எட்டு மணிக்குச் சற்று முன்னர்தான் சாப்பாடே வந்தது.

பயேயா என்பது அகலமான கறுப்புத் தட்டில் வைக்கிற மஞ்சள் சோறு. அதற்குள் இறால், மட்டி, கோழி என்று விரும்பியதைப் போடுவார்கள். அன்று வெள்ளிக்கிழமை. வதனி மச்சம் மாமிசம் சாப்பிட மாட்டாள் என்று ஆரணி மரக்கறிப் பயேயாவுக்குச் சொல்லியிருந்தாள். கரண்டியை விட்டதும் அதற்குள்ளிருந்து சிவப்பாக ஒரு இறைச்சித் துண்டு வெளியே வந்தது. மகள் அந்த நேரம் கைகழுவப் போயிருந்தாள். வதனி என்னைப் பார்த்தாள். நான் அந்தத் துண்டை எடுத்து என் வாய்க்குள் போட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகு அவள் கூடையில் இருந்த பாண் ரொட்டியை மட்டும் பிய்த்துப் பிய்த்துச் சாப்பிட்டாள். என்னுடைய தட்டில் சோறு விளிம்பில் சூடாகவும் நடுவில் குளிராகவும் இருந்தது. அரிசி பல்லில் நொறுங்கியது.

பரிமாறுகிறவர் வேர்க்க விறுவிறுக்க வந்து, “ஆலஸ் கூட்?” என்று கேட்டார். எல்லாம் நல்லமோ என்று அர்த்தம்.

“ஸேர் கூட்,” என்றேன். மிகவும் நல்லம்.

வெளியே வந்ததும் ஆரணி என் கையைக் கோத்துக்கொண்டு, உண்மையாகவே பிடித்ததா என்று கேட்டாள். அவள் ‘உண்மையாகவா’ என்று சொல்வதில்லை. “ஏர்லிஷ்?” என்பாள். இங்கே பிறந்த பிள்ளைகள் எல்லோருடைய வாயிலும் இருக்கிற ஜெர்மன் சொல் அது. நேர்மையாகச் சொல் என்பது போல.

ஏர்லிஷ், என்றேன் நானும்.

ஷ்லீரனில் வீட்டுக்குள் கால்வைத்தவுடன் வதனி கோட்டையும் கழற்றாமல் புட்டுக்கு மாக் குழைக்கத் தொடங்கினாள். நான் தேங்காய்ப்பூவை எடுத்துக் கொடுத்தேன். அவள் என்னைப் பார்க்காமலே சொன்னாள்: “உங்களுக்கு ஆரும் நெருப்பை அள்ளித் தந்தாலும் நல்லம், நல்ல சூடாக் கிடக்கு எண்டுதான் சொல்லுவியள்.”

அவளும்தானே வாய் திறக்கவில்லை என்று நான் கேட்டேன். நீங்கள் மிகவும் நல்லம் என்று சொன்ன பிறகு நான் என்னத்தைச் சொல்கிறது, உங்களைப் பொய்யனாக்கவோ என்றாள். எங்கள் கலியாண நாள் விருந்து, நாங்கள் இருவரும் குசினியில் நின்றபடியே சம்பலோடு சாப்பிட்ட அந்தப் புட்டுத்தான்.

3

இந்த ‘நல்லம்’ எனக்கு எங்கிருந்து தொற்றியது என்று எனக்குத் தெரியும்.

சின்ன வயதில் நாங்கள் சண்டைக்குப் பயந்து வீட்டை விட்டு ஓடி, தாய்மாமன் ஒருவர் வீட்டு விறாந்தையில் நெடுநாள் இருந்தோம். அவர்களுக்கே காணாத சாப்பாடு. அதில் எங்களுக்கும் பங்கு. மாமி சோற்றைப் போட்டுவிட்டு எப்படி என்று கேட்பார். நல்லம் மாமி என்று சொல்ல வேண்டும். இன்னும் போடவோ என்று கேட்பார். போதும் மாமி என்று சொல்ல வேண்டும். அம்மா எங்களுக்குச் சொல்லித்தந்த பாடம் இந்த இரண்டு சொற்கள்தான். என் தம்பி ஒருநாள் உப்பில்லை என்று சொல்லிவிட்டான். மாமி உப்பை எடுத்துவந்து வைத்தார். அம்மாதான் அன்று முழுவதும் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பள்ளிக்கூடம் அந்த விறாந்தையோடு எனக்கு முடிந்தது. அந்தப் பாடம் முடியவில்லை.

இந்த நாட்டுக்கு வந்து அகதியாக விசாரணைக்குப் போனபோதும் அதுதான் வாயில் வந்தது. ஊரில் உம்மைப் பிடித்துக்கொண்டுபோய் விசாரித்துவிட்டு விட்டபின் எப்படி இருந்தீர் என்று அதிகாரி கேட்டார். மொழிபெயர்த்த தமிழ்ப் பெண் அதை என்னிடம் தமிழில் கேட்டாள். “நல்லமா இருந்தன்” என்றேன். உயிரோடு இருந்தேன், எலும்பு முறியவில்லை, அம்மாவின் கையில் போய்ச் சேர்ந்துவிட்டேன் என்பதெல்லாம் அந்தச் சொல்லுக்குள் இருந்தது. அவள் பாவம், சொல்லை மட்டும்தான் ஜெர்மனுக்குக் கொண்டுபோனாள். அடுத்த விசாரணையில் வேறொரு அதிகாரி அந்தத் தாளைப் பார்த்து, நல்லமாக இருந்த ஆள் ஏன் இங்கே வந்தீர் என்று கேட்டார். அந்த ஒரு சொல்லை விளங்கப்படுத்துவதற்குள் என் வழக்கு எங்கெங்கோ இழுபட்டுப் போனது. அப்போதாவது நான் திருந்தியிருக்க வேண்டும்.

நான் வேலை செய்கிற இடத்தில் இதற்கு நேர்மாறு. அங்கே இருக்கிற முதியவர்கள் சூப்பில் ஒரு கரண்டி வாயில் வைத்தவுடனேயே இன்று இது சரியில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்புவார்கள். கோபமில்லை, சத்தமில்லை, இன்று மழை என்று சொல்வதுபோலச் சொல்வார்கள். சமையல்காரரும் சரி என்று கேட்டுவிட்டு மறுநாள் மாற்றிவிடுவார். திரும்பிவந்த தட்டுகளைக் கழுவும்போது எனக்குத்தான் கவலையாக இருக்கும். சமைத்தவன் மனம் நோகாதோ என்று. அவர் விசிலடித்துக்கொண்டு நிற்பார்.

4

அடுத்த முறை என் பிறந்தநாளுக்கு. எங்கே கூட்டிப்போனாள் என்று நினைக்கிறீர்கள்? “அப்பாவுக்கு விருப்பமான கடை” என்று சொல்லி, இரண்டு மாதத்துக்கு முன்னரே இடம் பிடித்து வைத்திருந்தாள்.

அன்று இடம் பிடித்ததை அவர்கள் எழுதிவைக்க மறந்துபோனார்கள். வாசலில், தொங்கவிட்டிருந்த கோட்டுகளுக்கு நடுவில், மற்றவர்கள் சாப்பிடுவதைப் பார்த்தபடி நெடுநேரம் நின்றோம். மகளின் முகம் சிவந்துபோனது. அவளுக்குக் கோபம் தன்மேல்தான். எனக்கு எப்படியோ ஆறுதல் சொல்ல வேண்டும்போல இருந்தது. பரவாயில்லை பிள்ளை, இந்தச் சாப்பாட்டுக்காக எவ்வளவு நேரமும் நிற்கலாம் என்றேன். அவளுடைய முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியை நினைக்கத்தான் இப்போது என்னால் முடியவில்லை.

அன்று எங்களோடு நான்காவதாக ஒருவன் நின்றான். டேனியல். லிஃப்ட் திருத்துகிற வேலை. தாய் ஸ்பெயினிலிருந்து வந்தவர், தகப்பன் இல்லை. ஆரணியும் அவனும் ஒரு வருடமாகப் பழகுகிறார்கள் என்பதை அவள் தாயிடம் முன்னரே சொல்லியிருந்தாள். எனக்கு அன்றுதான் சொன்னாள். நான் கையை நீட்டினேன், சிரித்தேன், “கூட், கூட்” என்றேன்.

கணவாய்போல எண்காலுள்ள ஒன்றைப் பொரித்துக் கொண்டுவந்தார்கள். சப்பச் சப்ப அது பெரிதாகிக்கொண்டே போனது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. டேனியல் என்னிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தான். வேகமான ஜெர்மன், சுற்றிவரச் சத்தம், வாய் நிறைய அந்தத் துண்டு. நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். பரிமாறுகிறவர் வந்தார், ஆலஸ் கூட் என்றார். வாயைத் திறக்க முடியாததால் பெருவிரலைக் காட்டினேன்.

மறுநாள் ஆரணி தொலைபேசி எடுத்தாள். சுற்றிவளைத்து அதையும் இதையும் கதைத்துவிட்டு, டேனியல் எப்படி அப்பா என்று கேட்டாள்.

“நல்ல பெடியன்,” என்றேன்.

“ஏர்லிஷ்?”

“ஏர்லிஷ் பிள்ளை.”

பாத்திரக் கூடையைத் தள்ளிக்கொண்டே அதைச் சொன்னேன். சொல்லி முடிக்க ஒரு விநாடிகூட எடுக்கவில்லை. அவள் அந்தப் பக்கம் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. எத்தனை நாள் பயந்துகொண்டு இருந்தாளோ.

5

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மூன்றாவது முறை. டேனியலின் தாயும் நாங்களும் முதன்முதலாகச் சந்திப்பதற்காக. கலியாணத்தைப் பதிவதற்கான தாள்களை அவர்கள் இருவரும் எடுத்து வைத்திருந்தார்கள். அதைக் கொடுப்பதற்கு முன்னர் இரண்டு பக்கமும் ஒரு மேசையில் இருக்க வேண்டும் என்று ஆரணி விரும்பினாள். எந்த மேசை என்று சொல்லத் தேவையில்லை. டேனியலின் தாய் ஸ்பெயின்காரி, அப்பாவுக்கு அந்தக் கடை விருப்பம், இரண்டுக்கும் பொருத்தம் என்று அவள் சந்தோஷப்பட்டாள். வதனி என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டினாள். நான் குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டினேன்.

டேனியலின் தாய் கட்டையான, பலமான பெண். இளவயதில் இங்கே வந்து ஹோட்டல் அறைகள் துப்புரவு செய்தவர். அவருடைய ஜெர்மன் என் ஜெர்மனைப் போலவே உடைந்து கிடந்தது. அதனால் அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்கு விளங்கியது. இந்த நாட்டில் அப்படி எனக்கு நடப்பது அரிது. வதனியும் அவரும், எந்தத் தரைக்கு எந்த மருந்து ஊற்றினால் கை வெடிக்கும் என்று கையை விரித்துக் காட்டிக் கதைக்கத் தொடங்கிவிட்டார்கள். நான் நினைத்துப் பயந்ததுபோல் ஒன்றும் இல்லை.

அப்போது பயேயா வந்தது. பெரிய தட்டு, ஐந்து பேருக்கும் பொதுவாக. சோறு களியாகக் கிடந்தது. மட்டிகளில் பாதி வாய் திறக்கவேயில்லை. பன்னிரண்டு மேசைக்கு ஒரேயடியாகச் சமைத்து எங்கோ வைத்துவிட்டு எடுத்துவந்தது என்று பார்க்கவே தெரிந்தது. நான் எனக்குத் தெரிந்த வித்தையைச் செய்தேன். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, மிச்சச் சோற்றை மட்டி ஓடுகளுக்குக் கீழே தள்ளி மூடினேன். என் தட்டு வெறுமையானது போலத் தெரியும்.

பரிமாறுகிறவர் வந்தார். என்னை அவருக்கு இப்போது முகம் தெரியும். என்னைப் பார்த்தே கேட்டார், ஆலஸ் கூட் என்று.

“ஸேர் கூட்,” என்றேன்.

“நைன்,” என்றார் டேனியலின் தாய். இல்லை என்று. குரலை உயர்த்தவில்லை. கரண்டியை வைத்துவிட்டு, இது பயேயா இல்லை, மஞ்சள் போட்ட கஞ்சி, இந்த மட்டியைச் சாப்பிட்டால் நாளைக்கு வைத்தியரிடம்தான் போக வேண்டும், கொண்டுபோங்கள் என்றார்.

பரிமாறுகிறவர் திகைத்துப்போனார். பிறகு என்னைக் காட்டினார். இந்த ஐயா இப்போதுதானே மிகவும் நல்லம் என்றார், ஒவ்வொரு முறையும் அப்படித்தானே சொல்கிறார் என்றார். அவர் பொய் சொல்லவில்லை.

“அப்பாவுக்கு இந்தக் கடை நல்ல விருப்பம்,” என்று ஆரணி அவசரமாக ஜெர்மனில் எனக்காகச் சொன்னாள்.

டேனியலின் தாய் என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் தட்டைப் பார்த்தார். கையை நீட்டி, தன் முள்ளுக்கரண்டியால் ஒரு மட்டி ஓட்டைத் தூக்கினார். கீழே சோறு. இன்னொன்றைத் தூக்கினார். அங்கேயும் சோறு. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கெட்ட சிரிப்பில்லை. பாவம் நீ, என்று என் தோளில் தட்டினார். தானும் இங்கே வந்த புதிதில் ஹோட்டல் எசமானியின் வீட்டில் இப்படித்தான் செய்வாராம், பிடிக்காத சாப்பாட்டைப் பூச்சாடிக்குள் கொட்டுவாராம். டேனியல் சிரித்தான். வதனியும் சிரித்தாள், பாவி.

ஆரணி சிரிக்கவில்லை. அவள் அந்தச் சோற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கலியாண நாள், பிறந்தநாள், இன்றைய நாள் எல்லாவற்றையும் அவள் திரும்பவும் ஒருமுறை சாப்பிட்டுப் பார்ப்பதுபோல இருந்தது. சமையல்காரர் வந்து மன்னிப்புக் கேட்டு வேறு தட்டு கொண்டுவந்தார். அதுவும் பெரிதாக ஒன்றுமில்லை. எல்லோரும் அது பற்றிப் பகிடி விட்டபடி சாப்பிட்டார்கள். மகள் தண்ணீரை மட்டும் குடித்தாள்.

6

டேனியல் தாயைக் காரில் கூட்டிப்போனான். எங்களை வழியனுப்ப ஆரணி மேடைக்கு வந்தாள். அங்கேதான் அந்த நட்சத்திரக் கேள்வி. நான் கைபேசியைத் திருப்பிக் கொடுத்த பிறகு அவள் கேட்டாள்:

“டேனியலையும் நல்ல பெடியன் எண்டு சொன்னீங்கள். அதுவும் இப்பிடித்தானோ அப்பா?”

இல்லைப் பிள்ளை, அது வேறு, அவன் நல்லம் என்று தொடங்கினேன்.

“அந்தச் சொல்லைச் சொல்லாதேங்கோ.”

அவளுடைய கண் கலங்கியிருந்தது. நீங்கள் உண்மையில் என்ன நினைக்கிறீர்கள் என்று எனக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை, நான் கீறின படத்தைக் காட்டினாலும் நல்லம், பரீட்சையில் குறைய எடுத்தாலும் நல்லம், உங்களுக்கு அவனைப் பிடிக்கவில்லை என்றாலும் நல்லம் என்றுதான் சொல்லியிருப்பீர்கள் என்றாள். பிறகு ஒன்று சொன்னாள்: “உங்கடை மனசில என்ன கிடக்கெண்டு தெரியாமல் நான் அந்தத் தாளைக் குடுக்கமாட்டன். டேனியலுக்கும் சொல்லப்போறன்.”

ரயில் வந்தது. ஷ்லீரனில் இறங்கும்போது வதனி, “எனக்கு அவனைப் பிடிச்சிருக்கெண்டு நான் அவளுக்கு எப்பவோ சொல்லிட்டன். என்னை அவள் நம்புறாள். ஏனெண்டா நான் அவளின்ர தலைமயிர் வெட்டினதைப் பிடிக்கேல்லை எண்டும் சொன்னனான்,” என்றாள்.

அது எனக்குச் சுட்டது. அன்றைய கிழமை முழுவதும் தட்டுக் கழுவும் இயந்திரத்துக்கு முன்னால் நின்று அதையே யோசித்தேன். சமைத்தவர் மனம் நோகக்கூடாது என்றுதான் நான் எப்போதும் நல்லம் என்றேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிவந்தேன். ஆனால் அந்தக் கடைச் சமையல்காரர் யார், எனக்கு என்ன உறவு? முன்பின் தெரியாத ஒருவரின் மனத்தைக் காப்பாற்றப் போய், ஆசை ஆசையாகக் கூட்டிப்போன என் பிள்ளையை மூன்று முறை முட்டாளாக்கியிருக்கிறேன். உண்மையில் நான் காப்பாற்றியது என்னைத்தான். ஒரு ‘இல்லை’ சொன்னால் அதற்குப் பிறகு இன்னும் நாலு வசனம் கதைக்க வேண்டிவரும். எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தக் கூச்சம்தான். அவள் நான் பெற்ற பிள்ளை. அவளோடும் நான் ஒரு விருந்தாளியைப் போலவே இருந்திருக்கிறேன்.

7

அரைநாள் வேலை இருந்த ஒரு புதன்கிழமை, வதனியிடம் சொல்லிவிட்டு பாடனுக்குத் தனியாகப் போனேன். ஆரணி வீட்டிலிருந்துதான் வேலை செய்துகொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் அம்மாவுக்கு ஏதும் சுகமில்லையோ என்று பயந்துவிட்டாள். அவளைப் பார்க்க நான் தனியாக வந்ததே இல்லை.

தேநீர் போட்டுத் தந்தாள். நான் ஒரு வாய் குடித்துவிட்டு, “சீனி காணாது,” என்றேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுச் சீனிப் போத்தலைத் தள்ளினாள். அதற்கே எனக்கு வேர்த்துவிட்டது.

பிறகு, ரயிலில் மனதுக்குள் அடுக்கிக்கொண்டு வந்ததைச் சொல்லத் தொடங்கினேன்.

“அவன் என்னைச் சிவா எண்டு கூப்பிடுறது எனக்குப் பிடிக்கேல்லை.”

அவன் உங்களிடம் கேட்டுத்தானே கூப்பிட்டான், நீங்கள்தானே கூட் என்றீர்கள் என்றாள். ஓம், சொன்னேன்தான் என்றேன். என்னுடைய பெயர் சிவபாலன். இந்த நாட்டு அலுவலகங்களில் அப்பாவின் பெயர் குடும்பப் பெயர் ஆகிவிட்டதால் எல்லாரும் என்னைக் கந்தையா ஐயா என்று என் தகப்பனின் பெயரால் கூப்பிடுகிறார்கள். இவன் என் பெயரையும் பாதியாக வெட்டி, தன் கூட்டாளியைக் கூப்பிடுகிறமாதிரிக் கூப்பிடுகிறான். என்னுடைய முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட இந்த நாட்டில் ஒருவரும் இல்லை. இதை நான் என் வாயால் முன்னர் சொன்னதில்லை. சொன்னபோது எனக்கே புதிதாக இருந்தது.

அவள் கணினியை மூடி வைத்தாள். வேறு என்ன என்று கேட்டாள்.

அவன் வேகமாகக் கதைக்கிறான், எனக்கு விளங்குவதில்லை, விளங்காததற்கெல்லாம் ‘யா’ என்று சொல்லித் தலையாட்டுகிறேன் என்றேன். பிறந்தநாளன்று அவன் நெடுநேரம் என்னமோ கேட்டான், நானும் யா, யா என்றேன், எதற்கு ஓம் சொன்னேன் என்று இன்றைக்குவரை தெரியாது என்றேன்.

ஆரணி வாயைப் பொத்திக்கொண்டாள். “கோடைக்கு அவனோட ஆத்தில மீன்பிடிக்க வாறியளோ எண்டு கேட்டவன். நீங்கள் ஓம் எண்டிட்டீங்கள். உங்களுக்கும் சேர்த்து அனுமதி எடுக்க அலைஞ்சு திரியிறான்.”

எனக்குத் தூண்டிலைப் பிடிக்கவே தெரியாது. அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. நானும் சிரித்தேன். ஆனால் கடைசியாகச் சொல்ல வைத்திருந்தது இன்னும் உள்ளேயே கிடந்தது. சிரிப்பு முடிந்தால் சொல்லாமலே எழும்பிவிடுவேன் என்று பயந்து, அவள் சிரித்துக்கொண்டிருக்கும்போதே சொன்னேன்.

“நாளைக்கு உங்களுக்கு ஒரு பிள்ளை பிறக்கும். அது என்னோட ஜெர்மனிலதான் கதைக்கும். எனக்கு விளங்காது. நான் அதுக்கும் யா, கூட் எண்டு சொல்லிக்கொண்டு ஒரு மூலையில இருப்பன். அது என்னை ஒண்டும் தெரியாத கிழவன் எண்டு நினைக்கும்.”

அவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள். மெதுவாகக் கேட்டாள்:

“அப்ப வேண்டாமெண்டு சொல்லுறீங்களோ அப்பா?”

“இல்லை. அவனில ஒரு பிழையும் நான் காணேல்லை. எனக்குப் பயமாக் கிடக்கு, அவ்வளவுதான். பயமாக் கிடந்தாலும் நீ செய்.”

அவள் எழும்பிவந்து என் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். அவளுடைய சின்ன வயதில் நான் அவளை அணைத்ததுபோல. அப்படியே நின்றபடி டேனியலுக்குத் தொலைபேசி எடுத்தாள். வேண்டாம் என்று நான் கையைக் காட்டியதை அவள் கவனிக்கவில்லை. அவன் எங்கோ ஒரு கட்டடத்தில், லிஃப்டுக்குள் நின்று வேலை செய்துகொண்டிருந்தான். இரும்புச் சத்தம் கேட்டது. அப்பா வந்திருக்கிறார், அவருக்குப் பயமாம் என்று ஜெர்மனில் சொன்னாள். யாரைக் கண்டு பயம் என்று அவன் கேட்டான். அவள் கைபேசியை என் பக்கம் திருப்பினாள்.

“ஃபோர் டீர்,” என்றேன். உன்னைக் கண்டு.

இரும்புச் சத்தம் நின்றுவிட்டது. பிறகு, தனக்கும் என்னைக் கண்டால் பயம் என்றான். எப்போதும் எல்லாம் நல்லம் என்று சொல்கிற மனிதரிடம் எப்படிக் கதைப்பது என்று தெரியாமல்தான் வேகமாகக் கதைத்துத் தள்ளுகிறேன் என்றான். இதை அவன் மெதுவாகச் சொன்னான். எனக்கு விளங்கியது.

ஆரணி அவனுக்குப் பெயர் விஷயத்தைச் சொன்னாள். அப்படியென்றால் நான் எப்படிக் கூப்பிட வேண்டும் என்று அவன் என்னையே கேட்டான். மாமா என்று கூப்பிடு என்றேன்.

“மம்மா?” என்றான், குழம்பிப்போய். ஜெர்மனில் அது அம்மாவைக் கூப்பிடுகிற சொல்.

ஆரணி விளங்கப்படுத்தினாள். அவன் சிரிக்காமல் திரும்பச் சொல்லிப் பார்த்தான். மம்மா. என் நாக்கு வழக்கம்போல ஆயத்தமாகிவிட்டது. நான் அதைக் கடித்துக்கொண்டேன்.

“இல்லை,” என்றேன். “அது பிழை. இழுத்துச் சொல்ல வேணும். இன்னொருக்காச் சொல்லு.”